குற்றத்துக்கு ஒரு செல்லப்பெயர்

2025 மார்ச்சில் டெல்லி காவல்துறை மாவட்டந்தோறும் 'சிஷ்டாசார்' என்ற பெயரில் தனிப்படைகளை அமைத்தது. சிஷ்டாசார் என்றால் நல்லொழுக்கம், நாகரிகமான நடத்தை. பேருந்து நிறுத்தம், மெட்ரோ நிலையம், கல்லூரி வாசல், சந்தை என்று பெண்கள் தொல்லைக்கு ஆளாகும் இடங்களில் ரோந்து சுற்றுவதுதான் அந்தப் படைகளின் வேலை. நல்ல காரியம்தான். ஆனால் அவற்றுக்குக் கிடைத்த அடைமொழி 'ஆன்டி ஈவ் டீசிங் ஸ்குவாட்'. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2023 ஆகஸ்டில், காவல் தலைமையகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி திலக் மார்க்கில் இருக்கும் உச்ச நீதிமன்றம் ஒரு கையேட்டை வெளியிட்டிருந்தது. பெண்களைப் பற்றித் தீர்ப்புகளிலும் மனுக்களிலும் எழுதக் கூடாத சொற்கள் ஒரு பத்தியில். அவற்றுக்குப் பதிலாக எழுத வேண்டியவை பக்கத்துப் பத்தியில். தவிர்க்க வேண்டிய சொற்களில் ஒன்று 'ஈவ் டீசிங்'. மாற்று: 'தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல்'.

தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் காலத்தில் வந்த அந்தக் கையேடு நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் எழுதப்பட்டது; காவல்துறையையோ பத்திரிகைகளையோ அது கட்டுப்படுத்தாது. ஆகவே யாரும் விதியை மீறிவிடவில்லை. ஆனாலும் நாட்டின் தலைமை நீதிமன்றம் குப்பைக்கூடையில் போட்ட சொல்லை, அதே ஊர்ப் போலீஸ் எடுத்துத் துடைத்துப் பெயர்ப்பலகையில் மாட்டிக்கொள்வது, அந்தச் சொல் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இங்கிலாந்துக்காரரிடமோ அமெரிக்கரிடமோ 'ஈவ் டீசிங்' என்றால் விழிப்பார். ஆங்கில எழுத்தில் இருந்தாலும் இது இந்தியத் துணைக்கண்டத்தின் சொந்தச் சரக்கு. வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம் வரை செல்லுபடியாகும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடுதான் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 'ஈவ்' என்பது விவிலியத்தின் ஏவாள். உலகின் முதல் பெண் என்பதால் எல்லாப் பெண்களுக்கும் ஆகுபெயர். இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் மகளிர் ஹாக்கி அணி வென்றால் 'ஈவ்ஸ்' வென்றதாகத் தலைப்பு வரும் காலம் ஒன்று இருந்தது. 'விமன்' என்பதைவிட எழுத்து குறைவு, பத்திக்குள் அடங்கும். அதோடு 'டீசிங்', அதாவது சீண்டல், சேர்ந்தது. 1960களிலேயே வட இந்தியக் கல்லூரி வட்டாரங்களைப் பற்றிய செய்திகளில் இது புழங்கத் தொடங்கிவிட்டது. பெண்கள் பெருமளவில் கல்லூரிக்கும் வேலைக்கும் பேருந்தேறிய 70களில், 80களில் இது அன்றாடச் சொல்லானது.

ஏவாள் என்ற பெயரே விஷமம் கொண்டதுதான். விவிலியக் கதையில் கனியைப் பறித்து ஆதாமுக்குக் கொடுத்தவள் அவள். தூண்டியவள் அவள், விழுந்தவன் பாவம் அவன். தெருவில் தொல்லைக்கு ஆளான பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சூட்டும்போதே 'இவள் என்ன செய்தாளோ' என்ற கேள்வி பின்னாலேயே வந்து நிற்கிறது. தலைப்பு வைத்த உதவி ஆசிரியர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

டெல்லித் தெருவில் இதற்கு ஏற்கெனவே ஓர் இந்திச் சொல் இருந்தது: சேட்சாட். 'சேட்னா' என்றால் சீண்டுவது. வீணைத் தந்தியை மீட்டுவதற்கும், ராகத்தைத் தொடங்குவதற்கும், பேச்சை ஆரம்பிப்பதற்கும் அதே வினைதான். யமுனைக் கரையில் கண்ணன் கோபியரின் குடத்தை உடைக்கும் ஹோலிப் பாடல்களின் மணமும் அதில் உண்டு. ஹோலிக்குச் சில நாள் முன்பிருந்தே டெல்லிப் பல்கலைக்கழக வட வளாகப் பக்கம் நடந்துபோகும் மாணவிகள் மீது மாடியிலிருந்தும் பைக்கிலிருந்தும் தண்ணீர் பலூன் விழுவதும், யாராவது கேட்டால் 'புரா ந மானோ, ஹோலி ஹை' (கோபப்படாதே, இது ஹோலி) என்று சிரிப்பதும் ஆண்டுதோறும் புகாராக வரும் விஷயங்கள். இப்படி விளையாட்டு, காதல், பக்தி எல்லாம் கலந்த ஒரு சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டுபோனால் 'டீசிங்' என்பதைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

குற்றவாளிக்கும் அதே சலுகை கிடைத்தது. அவன் 'ரோட் சைடு ரோமியோ'. காதலுக்காக உயிரை விட்ட ஷேக்ஸ்பியரின் நாயகன் பெயரை, பேருந்தில் பின்னால் நின்று உரசுகிறவனுக்குக் கொடுத்த பெருமை நம்மைச் சேர்ந்தது. 2017இல் உத்தரப் பிரதேச அரசு தொடங்கிய படைக்கு 'ஆன்டி ரோமியோ ஸ்குவாட்' என்றே பெயர். அது பூங்காக்களில் விரும்பிச் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஜோடிகளைத் துரத்தியது என்ற புகார் எழுந்ததில் வியப்பில்லை. ரோமியோவைத் தேடிப் போனால் ரோமியோதான் கிடைப்பான்.

சரி, சட்டத்தில் இது எங்கே இருக்கிறது? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 'ஈவ் டீசிங்' என்ற குற்றமே கிடையாது. பெண்ணின் நாணத்தை அவமதிக்கும் சொல், சைகை, செயல் பற்றிய 509ஆம் பிரிவும், நாணத்தைக் குலைக்கும் நோக்கில் கைவைப்பது பற்றிய 354ஆம் பிரிவும்தான் இருந்தன. முதலாவதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, இரண்டாவதற்கு இரண்டாண்டு. விசிலடிப்பது, ஆபாசமாகப் பேசுவது, பின்தொடர்வது, உடலைத் தொடுவது, துப்பட்டாவைப் பிடித்து இழுப்பது எல்லாவற்றையும் 'ஈவ் டீசிங்' என்ற ஒரே கோணிப்பையில் போட்டுக் கட்டியதால், ஸ்டேஷனில் அந்தப் பை அவிழ்க்கப்படாமலே மூலையில் கிடந்தது. எதைச் செய்தான் என்று கேட்டால்தானே எந்தப் பிரிவு என்று யோசிக்க வேண்டிவரும்? பையனைக் கூப்பிட்டு இரண்டு அதட்டு அதட்டி அனுப்பினால் முடிந்தது.

இந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் ஏறிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அட்டகாசத்தில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு உயிரிழந்தார். ஊரே கொதித்தது. அதே மாதம் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு அது முழுச் சட்டமானது. பெயர் 'தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டம்'. ஓர் உயிர் போன பிறகும் சட்டத்தின் தலைப்பில் 'சீண்டல்' இருந்தது. சில ஆண்டுகளில் திருத்தம் செய்து, 'பெண்ணுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம்' என்று பெயரை மாற்றினார்கள். அந்தத் திருத்தத்துக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. பத்திரிகைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் 'ஈவ் டீசிங் சட்டம்' என்றே எழுதிக்கொண்டிருந்தன. 2025 ஜனவரியில் சட்டசபை இதே சட்டத்தின் தண்டனையைக் கூட்டியபோது செய்தி படித்த எத்தனை பேருக்கு இது அந்தப் பழைய சட்டம்தான் என்று தெரிந்திருக்கும்?

டெல்லிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே இந்தச் சொல் ஒரு விசித்திரமான பாலம் போட்டது. 1999 ஜூலையில் ஓர் இரவு, தென்காசிப் பேருந்து நிலையத்தில் கணவரோடு காத்திருந்த பெண்ணிடம் போலீஸ்காரர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகப் புகார். துறை அவரை டிஸ்மிஸ் செய்தது. குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். உயர் நீதிமன்றம் டிஸ்மிஸ் உத்தரவை ரத்து செய்தது. அரசு டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு, அப்பீல் போனது. 2012 நவம்பர் 30 அன்று நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா அடங்கிய அமர்வு டிஸ்மிஸ் சரி என்று தீர்ப்பளித்தது. அதோடு நிற்கவில்லை. 'ஈவ் டீசிங்' என்பது ஒரு மங்கலச் சொல், தண்டனைக்குரிய நடத்தையை அது மென்மையாக்குகிறது என்று குறிப்பிட்டது. இதற்கென்று தனிச் சட்டம் வைத்திருப்பது தமிழ்நாடு மட்டும்தான் என்றும் சொன்னது. நாடு முழுவதற்கும் உத்தரவுகள் போட்டது: பேருந்து நிலையம், ரயில் நிலையம், திரையரங்கு, கடற்கரை, கோயில் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ், கண்காணிப்பு கேமரா, மூன்று மாதத்துக்குள் உதவி எண். இன்னொன்றும் இருந்தது. பேருந்துக்குள் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால், அவர் கேட்டுக்கொண்டால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும். தவறினால் பெர்மிட் ரத்து.

பதினாறே நாளில், டிசம்பர் 16 இரவு, சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டுத் திரும்பிய ஓர் இளம்பெண்ணும் அவருடைய நண்பரும் முனிர்க்கா நிறுத்தத்தில் ஒரு தனியார் பேருந்தில் ஏறினார்கள். கறுப்புக் கண்ணாடி, திரைச்சீலை போட்ட வண்டி. பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி கிடையாது. முனிர்க்கா டெல்லித் தமிழர்களுக்கு மிகவும் பழகிய பெயர். ஒரு பக்கம் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஆர்.கே.புரம். அந்த வண்டியில் காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டிய ஓட்டுநரும் குற்றவாளிகளில் ஒருவர். ஓடும் பேருந்திலேயே கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான, நிர்பயா என்று நாடு பெயரிட்ட அந்தப் பெண் டிசம்பர் 29 அன்று சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார்.

நடந்தது 'டீசிங்' அல்ல என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ரைசினா மேட்டிலும் இந்தியா கேட்டிலும் கூடிய பெண்கள், அந்த ஓர் இரவை மட்டும் பேசவில்லை. தாங்கள் தினமும் பேருந்தில் பட்டதைப் பேசினார்கள். அரசின் டி.டி.சி. பேருந்திலும், அதற்குள் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டுவிட்ட தனியார் ப்ளூலைன் வண்டிகளிலும் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற காலங்களை, ஊக்கை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பயணித்ததை. சென்னையில் பல்லவன் பேருந்தில் போன பெண்களுக்கும் அந்த ஊக்கு தெரியும்.

இதையடுத்துச் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அரசு அமைத்த, நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோர் அடங்கிய குழுவுக்குச் சுமார் 80,000 கருத்துகள் வந்து குவிந்தன; 2013 ஜனவரி 23 அன்று, ஒரு மாதத்துக்குள், அறிக்கை தயார். 1997இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் என்றால் என்ன என்று விசாகா தீர்ப்பில் முதன்முதலாக வரையறுத்த அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் இதே வர்மாதான். அந்தத் தீர்ப்பு அலுவலகத்துக்குள் நடப்பதற்குப் பெயர் கொடுத்தது. தெரு அப்படியே இருந்தது. 2013இன் குற்றவியல் திருத்தச் சட்டம்தான் கோணிப்பையை அவிழ்த்தது. பாலியல் துன்புறுத்தல், ஆடையைக் களைய முயல்வது, மறைந்திருந்து பார்ப்பது அல்லது படமெடுப்பது, பின்தொடர்வது என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு, தனித் தண்டனை.

இந்த நேரத்தில் வழக்கமான ஆட்சேபம் வரும். சொல்லை மாற்றினால் கை அடங்கிவிடுமா? சட்டம் வந்துவிட்டது, கேமரா வந்துவிட்டது. 2010 அக்டோபரிலிருந்து டெல்லி மெட்ரோவின் முதல் பெட்டி பெண்களுக்கு, 2019 அக்டோபரிலிருந்து டெல்லிப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். பெயரில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பதற்குச் சான்று டெல்லியிலேயே கிடைக்கிறது. பொருளாதார ஆய்வாளர் கிரிஜா போர்க்கர், டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியர் சுமார் 4,000 பேரிடம் விவரம் திரட்டினார். எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும், எதில் சேர்ந்தார்கள், எந்த வழியில் போகிறார்கள் என்பதைக் கூகுள் வரைபடத்தோடும், தெருக்களின் பாதுகாப்பை மதிப்பிடும் 'சேஃப்டிபின்' செயலியின் தகவல்களோடும் ஒப்பிட்டார். தெரிந்தது இதுதான்: பயணம் பாதுகாப்பாக இருக்கும் என்றால், முதல் தர வரிசையில் இருக்கும் கல்லூரியை விட்டுவிட்டு, தரத்தில் பின்பாதியில் கிடக்கும் கல்லூரியில்கூடச் சேர மாணவிகள் தயாராக இருக்கிறார்கள். மாணவர்களிடம் இந்தப் போக்கு அந்த அளவுக்கு இல்லை. கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கு உயிரை விடும் நாட்டில், நல்ல கல்லூரியில் இடம் வாங்கும் அளவுக்குப் படித்த பெண் அதை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் பேருந்துத் தடம். இவ்வளவு விலை வைக்கும் ஒன்றைச் 'சீண்டல்' என்று எப்படி அழைப்பது? எஃப்.ஐ.ஆரில் இந்த இழப்பு எதுவும் வராது. புள்ளிவிவரத்தில் அவள் வெறுமனே வேறொரு கல்லூரி மாணவி.

வேறு நாடுகளும் இதே முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கின்றன. எகிப்தில் 'முஆக்ஸா' என்ற சொல் இருந்தது; குறும்பு, சரசம் என்ற பொருள். கெய்ரோவின் பெண்கள் இயக்கங்கள் 'தஹர்ருஷ்', அதாவது துன்புறுத்தல், என்ற சொல்லை விடாப்பிடியாக முன்னே தள்ளின; 2014இல் அது சட்டத்தில் குற்றமாக இடம்பிடித்தது. வங்கதேச உயர் நீதிமன்றம் இன்னும் நேரடியாக இறங்கியது. மாணவிகளின் தற்கொலைகள் அந்நாட்டை உலுக்கிய பின், 2011 ஜனவரியில், 'ஈவ் டீசிங்' என்ற சொல் குற்றத்தின் கனத்தைக் குறைக்கிறது, இனி பாலியல் துன்புறுத்தல் என்றே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் உச்ச நீதிமன்றக் கையேடு வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து.

ஆனால் இந்த விவாதத்தில் வசதியாக மறக்கப்படும் ஒரு பக்கமும் உண்டு. இந்த இலேசான சொல் சில பெண்களுக்கு உதவியிருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வரும் மகள் அம்மாவிடம், "பஸ்ல ஒரே ஈவ் டீசிங்மா" என்று சொல்லிவிட முடியும். "என்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினான்" என்று சொன்னால் மறுநாள் படிப்பு நின்றுவிடும், அல்லது அண்ணன் துணைக்கு வருவான், அல்லது கல்யாணப் பேச்சு தொடங்கும். கனமான சொல்லின் பாரம் முதலில் விழுவது அவள் தலையில்தான். அதனால் அவள் எந்தச் சொல்லில் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெங்களூருவில் 2003இல் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய 'ப்ளாங்க் நாய்ஸ்' இயக்கமும் பெண்களை அவரவர் மொழியில் பேசவிட்டுத்தான் இந்தச் சொல்லின் பொய்யை வெளிக்கொண்டுவந்தது. இங்கே கேள்வி, அவள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்கிறவர்களைப் பற்றியது. இன்ஸ்பெக்டர், அரசு வழக்கறிஞர், நிருபர் ஆகியோருக்கு அந்தப் பயம் எதுவும் இல்லை. அவர்கள் ஏன் மகளின் சங்கேத மொழியில் எழுத வேண்டும்?

தமிழ்ப் பத்திரிகைகள் டெல்லியை நோக்கி விரல் நீட்டும் முன் சொந்தப் பக்கங்களைப் புரட்டுவது நல்லது. 'ஈவ் டீசிங்' இரவல் சொல். நாமே கண்டுபிடித்த சரக்குகள் இன்னும் மோசம். 'சிறுமியிடம் சில்மிஷம்: முதியவர் கைது' என்ற தலைப்பைப் பார்க்காத வாசகர் இருக்க முடியாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை காலை உதைத்துக்கொண்டு செய்வதும் சில்மிஷம்தான், போக்சோ சட்டத்தில் பல்லாண்டு சிறை கிடைக்கும் குற்றமும் சில்மிஷம்தான் என்றால், வாசகர் எதை நினைத்துக்கொள்வார்? வேண்டாம் என்று சொன்ன பெண்ணை மாதக்கணக்கில் தொடர்ந்து வந்து, கடைசியில் கத்தியோடு வந்து நின்றவனுக்குச் செய்தியில் 'ஒருதலைக் காதல்'. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோதும் இந்தச் சொல்தான் நாட்கணக்கில் ஓடியது. கைதானவர் விசாரணை தொடங்கும் முன்பே சிறையில் இறந்தார். வழக்கு எந்தத் தீர்ப்பையும் எட்டவில்லை. 'காதல்' என்ற சொல் மட்டும் அச்சில் நிலைத்துவிட்டது. சினிமாவின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நாயகியின் சைக்கிளை மறித்து, நண்பர் படையோடு சுற்றிவந்து பாடி, மூன்றாவது பாட்டுக்குள் அவள் மனத்தை மாற்றிவிடும் நாயகர்களை மூன்று தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம்.

பழக்கம் மாறாது என்பதும் பொய். 'கற்பழிப்பு' என்று எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளும் கூசாமல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. அழிந்தது அவளுடைய கற்பு, எனவே போனது அவளுடைய பெருமை என்று அந்தச் சொல் சொன்னது. பெண் எழுத்தாளர்களும் இயக்கங்களும் பல ஆண்டு எதிர்த்த பிறகு 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' என்ற சொற்கள் வந்தன. இன்று பழைய சொல்லை ஒரு நாளிதழ் தலைப்பில் போட்டால் வாசகர் கடிதம் வரும். புதிய சொற்கள் நீளம், பத்தியில் அடங்காது என்று அன்றும் செய்திப்பிரிவுகளில் முணுமுணுப்பு இருந்திருக்கும். அடங்கிவிட்டன.

'ஈவ் டீசிங்'கை எடுப்பது அதைவிடச் சுலபம், ஏனென்றால் அதற்கு ஒற்றை மாற்றுச் சொல்கூடத் தேவையில்லை. நடந்ததை எழுதினால் போதும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. உடலைத் தொட்டானா, ஆபாசமாகப் பேசினானா? பாலியல் துன்புறுத்தல், 75ஆம் பிரிவு. வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்ந்தானா, போனிலும் இணையத்திலும் விடாமல் துரத்தினானா? 78. சொல்லாலோ சைகையாலோ அவமதித்தானா? 79, மூன்றாண்டு வரை சிறை. நாணத்தைக் குலைக்கப் பலவந்தமாகக் கைவைத்தானா? 74, குறைந்தது ஓராண்டு. 'கல்லூரி மாணவியைப் பின்தொடர்ந்து தொல்லை: இளைஞர் கைது' என்ற தலைப்பு இரண்டு பத்தி அகலத்தில் தாராளமாக நிற்கும். அந்த இளைஞர் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன என்று காலையில் காபியோடு படிப்பவருக்கும் புரியும், அவர் மீது எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள் என்று நிருபர் ஸ்டேஷனில் கேட்டும் ஆக வேண்டியிருக்கும்.